பறப்பது ஒரு மணி நேரம்... பில் ஐந்து மணி நேரத்துக்கு! தனி விமான வாடகையின் 'ஷெட் டு ஷெட்' கணக்கு

இரவு 11 மணி இருக்கும். மதுரையில் இருக்கும் பள்ளித் தோழனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஏதோ விமான நிறுவனத்தின் கொட்டேஷன். கீழே ஒரு வரி: "மாப்ள, நீ பத்திரிகையில இருக்கேல்ல... இது சரியான ரேட்டானு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு."

அவன் அப்பா பத்து நாள்களாக மதுரை மருத்துவமனையில் இருந்தார். மேல்சிகிச்சைக்குச் சென்னை கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. யாரோ ஒரு சொந்தக்காரர், "ஃபிளைட்ல கொண்டுபோயிரலாம்ப்பா, ஒரு மணி நேரம்தான்" என்று ஒரு ஏஜென்ட்டின் நம்பரைக் கொடுத்துவிட்டார். ஏஜென்ட் போனில் சொன்னது, "மணிக்கு ரெண்டு லட்சம் சார்." குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. ஒரு மணி நேரம், இரண்டு லட்சம். அக்கா தன் நகையைக் கழற்றி வைத்துவிட்டார். அப்புறம் கொட்டேஷன் வந்தது. அதில் இருந்த தொகை கிட்டத்தட்ட 12 லட்சம்.

"சென்னைக்குப் போறது ஒரு மணி நேரம். அஞ்சு மணி நேரத்துக்குக் காசு கேக்குறான். இது ஏமாத்துதான மாப்ள?"

அந்த ராத்திரி எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து, சார்ட்டர் தொழிலில் இருக்கும் இரண்டு பேரிடமும் சிறிய விமானம் ஓட்டும் பைலட் ஒருவரிடமும் பேசினேன். மூவருமே பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் பெரிய ஆச்சர்யம், அந்த கொட்டேஷன் ஏமாற்று இல்லை என்பதுதான். அதைப் படிக்கத்தான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இன்னோவா கணக்குதான் இதுவும்!

டிராவல்ஸில் கார் எடுத்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மதுரையில் இருந்துகொண்டு, திண்டுக்கல்லில் இருக்கும் டிராவல்ஸில் ஓர் இன்னோவா சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏறிய இடத்திலிருந்தா கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறது? 'ஷெட் டு ஷெட் சார்' என்பார்கள். வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து, உங்களை இறக்கிவிட்டுத் திரும்பி ஷெட்டில் போய் நிற்பது வரைக்கும் காசு. டிரைவர் பேட்டா தனி. ராத்திரி தங்கினால் அது தனி. வண்டி நாள் முழுக்கச் சும்மா நின்றாலும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு உண்டு.

தனி விமானத்திலும் இதே கணக்குதான். என்ன, இங்கே ஷெட் இருப்பது பெரும்பாலும் மும்பையிலோ டெல்லியிலோ.

இந்தியாவில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய ஜெட்களில் பெரும்பகுதி இந்த இரண்டு நகரங்களில்தான் நிற்கின்றன. தொழிலதிபர்களும் அரசியல் தலைவர்களும் அங்கேதானே இருக்கிறார்கள். பெங்களூரு, ஐதராபாத், சென்னையிலும் சில உண்டு என்றாலும், நமக்குத் தேவைப்படும் நாளில் அது வேறு எங்கேயாவது பறந்துகொண்டிருக்கும்.

ஆக, என் நண்பனுக்கு வந்த கொட்டேஷனின் கதை இதுதான். விமானம் மும்பையிலிருந்து காலியாக மதுரைக்கு வரும்: 2 மணி நேரம். மதுரையிலிருந்து சென்னை: ஒரு மணி நேரம். சென்னையில் இறக்கிவிட்டு மறுபடி காலியாக மும்பை: 2 மணி நேரம். மொத்தம் 5 மணி நேரம். மணிக்கு 2 லட்சம் என்றால் 10 லட்சம். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி 1.80 லட்சம். 11.80 லட்சம். விமான நிலையக் கட்டணங்கள் இதற்கு மேல். நோயாளியை ஏற்றுவதென்றால் ஸ்ட்ரெச்சர், டாக்டர் என்று இன்னும் சேரும். வரியும் எப்படி என்று தனியாகக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது இதே பயணத்துக்குச் சென்னையிலேயே ஒரு விமானம் சும்மா நின்றிருந்தால்? சென்னையிலிருந்து மதுரை ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம். 2 மணி நேரம், 4 லட்சம், வரியோடு 4.72 லட்சம். அதே விமானம், அதே பைலட், அதே ஒரு மணி நேரப் பயணம். வித்தியாசம் 7.08 லட்சம் ரூபாய். அந்த 7 லட்சமும் ஆளே இல்லாத இருக்கைகள் பறப்பதற்கான காசு!

அதனால் ஏஜென்ட்டிடம் "மணிக்கு எவ்வளவு" என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. "விமானம் இப்போ எந்த ஊர்ல நிக்குது?" அதுதான் முதல் கேள்வி.

இந்தக் கட்டுரை முழுக்க, கணக்கு புரிவதற்காக மணிக்கு 2 லட்சம் என்றே வைத்துக்கொள்கிறேன். இது சிறிய ஜெட்டுக்கான ஓர் உதாரண விலை. விமானத்தின் அளவு, வயது, சீசன் எல்லாவற்றையும் பொறுத்து இது ஏறும் இறங்கும்.

மணி எங்கே ஆரம்பிக்கிறது?

'ஒரு மணி நேரம்' என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலும் விமானம் தரையைவிட்டு எழும்பியதிலிருந்து கணக்கு தொடங்குவதில்லை. நின்ற இடத்திலிருந்து அது நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கி வேறோர் இடத்தில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்காக வரிசையில் காத்திருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். சென்னைக்கு மேலே நெரிசல், வானத்திலேயே 20 நிமிடம் வட்டமடிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றால், அந்த 20 நிமிடமும் நம் பில்தான். மணிக்கு 2 லட்சம் என்றால் 20 நிமிடத்துக்கு 66,000 ரூபாய்க்கும் மேல். முதலில் வரும் கொட்டேஷன் ஒரு மதிப்பீடுதான். கடைசி பில் உண்மையில் ஓடிய நேரத்துக்கு வரும். ஆட்டோ மீட்டரைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்கிறவர்கள் இதில் ஏறாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒருவழிப் பயணத்தைவிட, போய்வரும் பயணம் கொஞ்சம்தான் கூடுதல். சென்னையில் ஏறி, மதுரையில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்து, சாயங்காலம் அதே விமானத்தில் சென்னை திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மும்பை-சென்னை 2, சென்னை-மதுரை 1, மதுரை-சென்னை 1, சென்னை-மும்பை 2. மொத்தம் 6 மணி நேரம், 12 லட்சம், வரியோடு 14.16 லட்சம். போக மட்டும் என்றால் 11.80, போய்வர 14.16. ரயில் டிக்கெட் மூளையோடு பார்த்தால் இது புரியவே புரியாது.

சரி, நிச்சயதார்த்தம் இல்லை, மூன்று நாள் கல்யாணம் என்றால்? முதல் நாள் 3 மணி நேரம் பறந்துவிட்டது, மூன்றாம் நாள் 3 மணி நேரம் பறக்கும். நடுவில் ஒரு நாள் விமானம் மதுரையில் சும்மா நிற்கும். அந்த நாளுக்கும் குறைந்தபட்சமாக 2 மணி நேரக் கட்டணம் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். ஆக 8 மணி நேரம், 16 லட்சம், வரியோடு 18.88 லட்சம். இரண்டு பைலட்களுக்கு ஹோட்டல் அறை, சாப்பாடு, கார், விமானத்துக்கு பார்க்கிங். அப்படியும் அதை மும்பைக்குத் திருப்பி அனுப்பி மறுபடி வரவழைப்பதைவிட நிற்க வைப்பதுதான் லாபம். அனுப்பி வரவழைத்தால் 10 மணி நேரம் ஆகிவிடும். எல்லா நேரமும் இப்படி அமையாது. நாள்கள் கூடினால் கணக்கு தலைகீழாகும். இரண்டு விதமாகவும் கொட்டேஷன் கேட்பதில் தவறே இல்லை.

மணி நேரக் கட்டணம் ஏன் இவ்வளவு? எரிபொருள் பெரிய செலவு. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி-க்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வாட் போடுகிறது. என்ஜினுக்கு இத்தனை மணி நேரம் ஓடினால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி இருப்பதால், ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறார்கள். விமானம் பறக்காமல் நின்றாலும் பைலட் சம்பளம், காப்பீடு, ஹேங்கர் வாடகை நிற்காது.

ஜெட்டேதான் வேண்டுமா?

பைலட் ஒருவரிடம் பேசினேன் என்றேனே, அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம் இது. "சென்னை-மதுரைக்கு ஜெட் கேக்குறவங்க பாதிப் பேரு அந்தப் பேருக்காகத்தாங்க கேக்குறாங்க."

கிங் ஏர் போன்ற இரட்டை என்ஜின் டர்போபிராப் விமானங்கள் இருக்கின்றன. இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அந்த வகை. மணிக்கு 500 கி.மீ அளவுக்குப் பறக்கும். சிறிய ஜெட் 700 கி.மீ-க்கு மேல். சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழியில் சுமார் 420 கி.மீ-தான். இந்தத் தூரத்தில் ஜெட் மேலே ஏறி வேகம் பிடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். கால் மணி நேரம் மிச்சமாகலாம். டர்போபிராப்புக்கு மணி நேரக் கட்டணமோ வெகுவாகக் குறைவு. உதாரணத்துக்கு மணிக்கு 1.25 லட்சம் என்றால், மும்பையிலிருந்து மெதுவாக வந்துபோகும் நேரத்தையும் சேர்த்து 6 மணி நேரத்துக்கு 7.50 லட்சம், வரியோடு 8.85 லட்சம். ஜெட் கணக்கைவிடக் கிட்டத்தட்ட 3 லட்சம் மிச்சம். டெல்லி, கொல்கத்தா போன்ற தூரங்களுக்குத்தான் ஜெட்டின் வேகம் காசுக்கு அர்த்தம் கொடுக்கிறது.

இன்ஸ்டாகிராமில் பார்க்கும் சோபாவும் ஷாம்பெயினும் வேறு ரகம். சைட்டேஷன் சிஜே-2 போன்ற சிறிய ஜெட்டின் உள்உயரம் ஐந்தடிகூட இருக்காது. குனிந்துதான் நடக்க வேண்டும். ஆறு பேர் உட்காரலாம். சாமான் வைக்கும் இடம் சிறியது. சீர்வரிசைத் தட்டு, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் தனியாக வேனில்தான் வர வேண்டும்!

மதுரை என்றதும் உங்களுக்கு ஒரு கல்யாணம் ஞாபகம் வந்திருக்கும். 2021 மே 23, கொரோனா ஊரடங்கு நேரம். மதுரையிலிருந்து பெங்களூருக்கு வாடகைக்கு எடுத்த விமானத்தில், நடுவானில் தாலி கட்டியது ஒரு ஜோடி. நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள் முண்டியடித்து நின்ற வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. டி.ஜி.சி.ஏ விளக்கம் கேட்டது, விமானக் குழுவினர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். அது சிறிய ஜெட் இல்லை. நாம் டிக்கெட் வாங்கிப் போகும் பெரிய விமானத்தையே மொத்தமாக எடுத்தது. மொத்தத் தொகை பெரிதென்றாலும், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஆறு பேர் போகும் ஜெட்டைவிடக் குறைவாகவே வரும். நம் 11.80 லட்சத்தை ஆறு பேருக்கு வகுத்தால் தலைக்கு 1.96 லட்சத்துக்கும் மேல். சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் ஏறினால் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் மதுரை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

காலியாகப் பறக்கும் அந்த நேரங்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் 'எம்ப்டி லெக்' என்று நிறுவனங்கள் தள்ளுபடியில் விற்கின்றன. எப்படியும் காலியாகத்தானே திரும்பப் போகிறது, வந்தவரை லாபம் என்று. நாள், நேரம், ஊர் எதையும் நாம் தீர்மானிக்க முடியாது. முதலில் புக் செய்தவர் பயணத்தைத் தள்ளிப் போட்டால் உங்கள் பயணமும் போச்சு. ஒரு முறை ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரி. முகூர்த்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் இதை நம்பக் கூடாது.

'வி.டி' என்று தொடங்கும் நம்பர்

விலையைவிட முக்கியமான ஒன்று, என்னிடம் பேசிய மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னது. இந்தியாவில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற வேண்டுமானால், அந்த நிறுவனத்திடம் டி.ஜி.சி.ஏ கொடுத்த 'நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பர்மிட்' இருக்க வேண்டும். ஒருவர் சொந்த உபயோகத்துக்கு என்று பதிவுசெய்து வைத்திருக்கும் விமானத்தை வாடகைக்கு விட முடியாது. வெள்ளை நம்பர் போர்டு கார், மஞ்சள் நம்பர் போர்டு கார் வித்தியாசம் மாதிரிதான். ஆனால், வெள்ளை போர்டு கார்கள் வாடகைக்கு ஓடவில்லையா என்ன? இங்கேயும் அந்த ஆசாமிகள் உண்டு. கொஞ்சம் விலை குறைத்துச் சொல்வார்கள். பில் இருக்காது, அல்லது வேறு ஏதோ பெயரில் இருக்கும். ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

நம்மிடம் பேசுகிறவர் பெரும்பாலும் விமானத்தின் சொந்தக்காரர் இல்லை, இடைத்தரகர். ஒரே விமானத்தை மூன்று ஏஜென்ட்கள் மூன்று விலைக்குச் சொல்வதும் நடக்கிறது. அதனால் பணம் கட்டும் முன்பு விமானத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய விமானம் என்றால் 'வி.டி' என்று தொடங்கும். எந்த நிறுவனத்தின் பர்மிட்டில் அது பறக்கிறது என்று கேட்டு, டி.ஜி.சி.ஏ இணையதளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்குகிறார் என்றால் போனை வைத்துவிடலாம்.

இன்னொன்று, காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக பைலட்டை நெருக்கக் கூடாது. 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில், மழையில் இறங்கிய ஒரு சிறிய ஜெட் ஓடுபாதையைவிட்டு விலகி உடைந்தது. உள்ளே இருந்த 8 பேரும் உயிர் பிழைத்தார்கள். வானிலை சரியில்லை, கிளம்ப முடியாது என்று பைலட் சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை. சேலம் போன்ற சிறிய விமான நிலையங்கள் 24 மணி நேரமும் இயங்குவதும் இல்லை. நேரம் கடந்து திறந்து வைக்கச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் அனுமதி கிடைத்தால்தான்.

நோயாளியோடு பறப்பதென்றால்...

நம்மைப் போன்ற குடும்பங்களுக்குத் தனி விமானக் கொட்டேஷன் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த ஒரு சூழலில்தான். அந்த நேரத்தில் பேரம் பேசும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

ஏர் ஆம்புலன்ஸிலும் அடிப்படைக் கணக்கு அதே ஷெட் டு ஷெட்தான். அதன் மேல் ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், கூட வரும் டாக்டர், நர்ஸ், இரண்டு ஊரிலும் தரைவழி ஆம்புலன்ஸ் எல்லாம் சேரும். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அடுத்த மருத்துவமனைப் படுக்கை வரை எல்லாம் இந்தத் தொகைக்குள் வருகிறதா, வரி எவ்வளவு, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், நோயாளியோடு குடும்பத்தில் எத்தனை பேர் ஏறலாம்... இவை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்னது போதாது.

அதற்கும் முன்பு டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "இவரைக் கொண்டுபோக முடியுமா?" என்று கேட்பது போதாது, "விமானம்தான் அவசியமா?" என்று நேராகக் கேட்க வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு; சாதாரணமாக 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல. நுரையீரல் பிரச்னை உள்ளவர்களுக்கு அது சிக்கலாகலாம். சிலருக்கு வழக்கமான பயணிகள் விமானத்திலேயே மருத்துவச் சான்றோடு போக முடியும். சில நிறுவனங்கள் சில விமானங்களில் இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் வைக்கவும் அனுமதிக்கின்றன. தனி விமானத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு.

என் நண்பன் மறுநாள் காலையில் டாக்டரைப் பிடித்து இதைத்தான் கேட்டான். அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "ஐ.சி.யூ வசதியுள்ள ஆம்புலன்ஸ்ல ரோட்டுலயே போகலாம். அவசரப்பட்டு ராத்திரி கிளம்ப வேண்டாம், காலையில போங்க" என்றாராம். "ஃபிளைட்டைப் பத்தி நான் சொல்லவே இல்லையே?" என்றும் கேட்டிருக்கிறார்.

எட்டு மணி நேரப் பயணம். திருச்சி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியபோது போன் செய்தான். அக்காவின் நகை வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்றான். அப்பா மூன்று வாரம் சென்னையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார், பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தில்.

போன வாரம் அவனிடமிருந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதே ஏஜென்ட். 'சென்னை டு மதுரை எம்ப்டி லெக், ஞாயிறு காலை, ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் சார்.' கீழே அவன் எழுதியிருந்தான்: "அப்பாகிட்ட காட்டினேன். பிளைட் இப்போ எந்த ஊர்ல நிக்குதுனு கேளுன்றாரு."